சரித்திரத்தில் ஒரு நாள்: ஜனவரி 10

ஆண்டொன்றுக்கு முந்நூற்று அறுபத்தைந்து தேதிகள். அவற்றுள் ஒன்றேனும் வெறுந் தேதி அன்று. நாட்காட்டித் தாளைக் கிழித்தெடுக்கும் அந்த ஒரு கணத்தில், இதே தேதியிற் பிறந்த சங்கம் எது, முடிந்த போர் எது, மறைந்த மனிதர் யார் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அவ்வாறு எண்ணிப் பார்க்கவே இப்பகுதியில் வாரம் ஒரு தேதியை நேயர்கள் முன் வைத்து வருகிறோம். இவ்வாரத் தேதி ஜனவரி 10.

மார்கழி முடியுந் தறுவாய் இது. நுவரெலியாவில் விடியற்காலைப் பனி கொழுந்தின்மேல் நீறு பூசினாற்போல் உறைந்து கிடக்கும். தோட்டத்துக் கோயில்களிற் பஜனை ஒலிக்கும். லயங்களிற் பொங்கலுக்காகச் சுண்ணாம்பு பூசும் வேலை தொடங்கியிருக்கும். இத்தேதியில் உலகம் கண்டவை பல. அவற்றுட் சிலவற்றை முதலிற் கூறி, பின்னர் நமது மலைநாட்டுக்கே உரிய ஒன்றனுக்கு வருவோம். உலக நாட்காட்டிகள் அதனை அச்சிடுவதில்லை. ஆயினும் அதனை அறியாமல் ஏனையவற்றை அறிந்தும் பயன் குறைவு என்பது நம் கருத்து.

ஆறும் நூலும் இரயிலும்

கிறிஸ்து பிறப்பதற்கு 49 ஆண்டுகளுக்கு முன்னர், உரோமப் படைத்தலைவன் ஜூலியஸ் சீசர் ரூபிக்கன் என்னும் சிற்றாற்றைத் தன் படையுடன் கடந்தது இத்தேதியில் என்று கூறுவது மரபு. ஆறு சிறிது, ஆயின் படையோடு அதனைத் தாண்டி வருதல் உரோமச் சட்டத்துக்கு மாறானது. அவன் தாண்டினான், உள்நாட்டுப் போர் மூண்டது, உரோமக் குடியரசு நாளடைவில் மறைந்தது.

1776ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் தேதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு சிறு பிரசுரம் வெளிவந்தது. எழுதியவர் தோமஸ் பெயின். இங்கிலாந்திலிருந்து வந்து ஓராண்டு சொச்சமே ஆகியிருந்த அவர், அரசன் ஒருவனுக்குக் கடலுக்கப்பாலுள்ள மக்கள் ஏன் அடங்கியிருத்தல் வேண்டும் என்று யாவருக்கும் விளங்கும் நடையில் வினவினார். அவ்வாண்டு ஜூலை மாதம் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் சுதந்திரப் பிரகடனம் செய்தன.

1863ஆம் ஆண்டு இதே தேதியில் இலண்டன் மாநகரில் உலகின் முதலாவது நிலக்கீழ் இரயில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பெடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை நீராவி எஞ்சின்கள் மரப்பெட்டிகளை இழுத்துச் சென்றன. பெட்டிகளுள் வாயு விளக்குகள் எரிந்தன. முதல் நாளிலே ஏறத்தாழ 38,000 பேர் அதிற் பயணஞ் செய்தனர். அக்காலத்தில் இலங்கையில், கோப்பியை மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறக்க இருப்புப் பாதை இடும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. அப்பாதை 1867இற் கண்டியை எட்டியது. 1885இல் நானுஓயாவை எட்டியது. கண்டிக்கு இரயில் வந்த அதே 1867ஆம் ஆண்டிலேதான், ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் முதன்முதலாக வியாபாரத்துக்கெனத் தேயிலை பயிரிட்டார். ஹேவாஹெட்ட என்னும் ஊர்ப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருப்பார்களாக. இத்தேதி நம்மை அங்கே மீண்டும் அழைத்துச் செல்லும்.

ஏட்டில் ஏறிய வாக்கு

முதல் உலக யுத்தம் 1918இல் ஓய்ந்தது. அடுத்த ஆண்டு வெர்சேய் மாளிகையிற் கைச்சாத்திடப்பட்ட சமாதான உடன்படிக்கை 1920ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்நாளே சர்வதேச சங்கத்தின் பிறந்த நாளுமாகும். இனி நாடுகள் வாளெடுக்குமுன் வாயெடுத்துப் பேசட்டும் என்பதே அச்சங்கத்தின் நோக்கம். அந்நோக்கம் இருபது ஆண்டுகளுக்குள் சிதைந்து போனதை நாம் அறிவோம்.

ஆயின் அவ்வுடன்படிக்கையில் பலரும் கவனியாத ஒரு பகுதி உண்டு. அதன் பதின்மூன்றாம் பாகம் படைகளைப் பற்றியதன்று, எல்லைகளைப் பற்றியதுமன்று. தொழிலாளரைப் பற்றியது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தை அமைத்தது அப்பாகமே. உழைப்பு சந்தையில் விலைபோகும் வெறும் சரக்காகக் கருதப்படலாகாது. முதலாளிக்குச் சங்கம் சேரும் உரிமை எவ்வளவு உண்டோ அவ்வளவு தொழிலாளிக்கும் உண்டு. மனிதன் மனிதனாக வாழப் போதிய கூலி வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேர வேலையே இலக்காதல் வேண்டும். இவையெல்லாம் அப்பாகத்திற் கூறப்பட்ட கொள்கைகளுட் சில. மாந்தர் வரலாற்றில் அதற்கு முன்னர் எத்தனையோ சமாதான ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. உழைப்பவனின் கூலியைப் பற்றி இவ்வாறு கவலைப்பட்ட ஒப்பந்தத்தைக் காண்டல் அரிது.

இதிலே ஒரு சிறு வாசலும் திறந்து வைக்கப்பட்டிருந்தது. தொழிலாளர் நலன் குறித்து நாடுகள் ஏற்கும் உடன்பாடுகளை அவற்றின் குடியேற்ற நாடுகளிலும் நடைமுறைப்படுத்தல் வேண்டும். ஆனால் அவ்விடத்துச் சூழ்நிலை இடங்கொடாதாயின் விட்டுவிடலாம் என்று எழுதியிருந்தனர். இலங்கை அந்நாளிற் பிரித்தானியரின் குடியேற்ற நாடு. பெருவாக்குகள் பல அந்தச் சிறு வாசல் வழியே நழுவிப் போவது எளிதாயிருந்தது.

அன்று நம் மலைநாடு எந்நிலையில் இருந்தது? துண்டு முறை இன்னும் நடப்பிலிருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதிய ஒரு கடதாசித் துண்டு அவனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்றப் போதுமானதாயிருந்தது. அக்கடன் தீராமல் அவன் தன் விருப்பப்படி நடமாட இயலாது. அத்துண்டு முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தஞ்சையிலிருந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர், துரைமாரின் அனுமதியின்றி வெளியார் காலடி வைக்க முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியின் கோலத்திற் புகுந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பர். அவர் 1931ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அட்டனை நிலைக்களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தைத் தொடங்கினார். தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யும் சட்டம் 1935இல் வந்தது. 1939 ஜூலையில் ஜவஹர்லால் நேரு இங்கு வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. ஏட்டில் ஏறிய வாக்கு மலையேறி வந்த வழி இதுவே.

முல்லோயா, 1940

அந்த வாக்கு எழுத்தில் உயிர்பெற்றுச் சரியாக இருபது ஆண்டுகள் கழிந்தன. 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் தேதி வந்தது. இரண்டாம் உலக யுத்தம் மூண்டு நான்கு மாதமாகியிருந்தது. பொருள்களின் விலை ஏறிற்று. நாட்கூலியோ சதக்கணக்கிலேயே நின்றது. மலைநாட்டில் தோட்டத்துக்குத் தோட்டம் வேலைநிறுத்தங்கள் எழலாயின. ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தின் தொழிலாளரும் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தஞ் செய்தனர். லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்த தொழிற்சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது.

அக்காலத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் என்றால் என்ன என்பதை இன்றைய மாணவர்கள் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நகரத்துத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் கூலியை மட்டும் இழப்பான். தோட்டத் தொழிலாளியோ வேலையை இழந்தால் வீட்டையும் இழப்பான். ஏனெனில் லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். சமைக்கும் அரிசியும் தோட்டம் அளந்து கொடுத்துக் கூலியிற் கழிப்பது. பிரட்டுக் களத்திற் பேர் விழாத நாளில் அடுப்பும் எரியாது. தனக்குப் பேசும் ஒருவரை அழைத்து வரலாமென்றாலோ, அவர் நடக்கும் பாதையும் தோட்டத்துக்கே சொந்தம். இத்தனையும் அறிந்தே அம்மக்கள் கொழுந்துக் கூடையைக் கீழே வைத்தனர்.

அன்று பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தனர். கோவிந்தன் என்னும் தொழிலாளி குண்டு பட்டு இறந்தார்.

தொழிலாளிக்குச் சங்கம் சேரும் உரிமை உண்டு என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்ட அதே தேதியில், இருபது ஆண்டுகளின் பின்னர், அவ்வுரிமையைக் கையாண்ட ஒருவர் தம் உயிரை விலையாகக் கொடுத்தார். யாரும் திட்டமிட்டு அமைத்த பொருத்தம் அன்று இது. நாட்காட்டி தற்செயலாகச் செய்து காட்டியது. ஆயினும் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும்போது, ஒரு வாக்குறுதி மாளிகையிலிருந்து லயத்துக்கு வந்து சேர எத்துணைக் காலமும் எத்துணை விலையும் ஆகின்றன என்பது விளங்குகிறது.

அம்பலம் ஏறிய சொல்

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் நாட்டுப் பழமொழி. முல்லோயாவில் அப்பழமொழி ஓரளவு பொய்த்தது. மக்கள் எழுப்பிய கிளர்ச்சியின் விளைவாக அரசாங்கம் விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தது. கோவிந்தனின் மனைவியின் சார்பில் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அக்கமிஷன் முன் தோன்றி வாதாடினார். தோட்டத்துத் துரையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும் அஞ்சிய காலத்தில், ஒரு கொழுந்துத் தொழிலாளியின் விதவைக்காகப் பெரும் வழக்கறிஞர் ஒருவர் பொலிஸாரையும் தோட்ட நிர்வாகத்தையும் குறுக்கு விசாரணை செய்தார் என்பதே மலைநாட்டுக்குப் புதுமை.

அத்துடன் அது நிற்கவில்லை. முல்லோயாவையொட்டி எழுந்த வழக்குகள் குறித்து, உள்நாட்டு மந்திரியாயிருந்த சர் டி. பி. ஜயதிலகவுக்கும் பொலிஸ் மாஅதிபருக்கும் கருத்து வேற்றுமை உண்டாயிற்று. தேசாதிபதி சர் அன்ட்ரூ கல்டெகொட் பொலிஸ் மாஅதிபரின் பக்கம் நின்றார். பொலிஸார் யாருக்குக் கட்டுப்பட்டவர், மக்கள் தேர்ந்த மந்திரிக்கா, முடியின் பிரதிநிதிக்கா என்ற வினா கிளம்பியது. மந்திரிகள் பதவி துறந்தனர். வாழ்நாள் முழுதும் கொழும்பைக் கண்டிராத மக்களின் துயரம் கொழும்பின் ஆட்சி மன்றத்தையே அசைத்தது.

அதே 1940ஆம் ஆண்டில் தோட்டத் துரைமார் சங்கத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஏழு அம்ச உடன்படிக்கை எழுந்தது. தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையை அது ஒப்புக்கொண்டது. பிணக்குகளைப் பேசித் தீர்க்க ஒரு முறையையும் வகுத்தது. கோவிந்தன் ஒருவரால் மட்டுமே அஃது வந்தது என்று கூறுதல் மிகையாகும். அவ்வாண்டு ஊவாவிலும் பிற பகுதிகளிலும் நடந்த போராட்டங்களுக்கும் அதிற் பங்குண்டு. ஆயின் வாசற்கதவை முதலில் தட்டிய கைகளுள் அவருடையதும் ஒன்று என்பதை யாரும் மறுத்தற்கில்லை. அண்மை ஆண்டுகளில் மலையக அமைப்புகள் பல ஜனவரி 10ஐ மலையகத் தியாகிகள் தினமாக நினைவுகூர்ந்து வருவதன் காரணம் இதுவே.

இலண்டனில் மீண்டும் ஒரு வாக்கு

1946ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் தேதி இலண்டன் வெஸ்ட்மினிஸ்டரில் உள்ள மெதடிஸ்த மத்திய மண்டபத்தில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை முதன்முறையாகக் கூடியது. வந்திருந்த நாடுகள் 51. பெல்ஜியத்தின் போல் ஹென்றி ஸ்பாக் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குண்டுகளால் இடிந்த நகரத்திற் கூடியே இனிப் போர் வேண்டா என்றனர்.

இப்பொதுச்சபையே 1948 டிசம்பர் 10ஆந் தேதி மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டின் பிரஜையாயிருக்கும் உரிமை உண்டு என்று அதன் பதினைந்தாம் உறுப்பு கூறுகிறது. அதற்கு ஒரு மாதமும் நிரம்பாத முன்னர், அதாவது நவம்பர் 15ஆந் தேதி, இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்பதற்கு, அன்றேற் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டது அச்சட்டம். காட்டை வெட்டிப் பாதை போட்ட பாட்டனுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் யார் எழுதி வைத்தார்? மலைநாட்டு மக்களிற் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 1952இல் வாக்குச் சாவடிக்குப் புறத்தே நின்றனர். இந்த வாக்கும் மலையேறி வர நாட்பட்டது. இந்திய வம்சாவளியினருள் எஞ்சிய நாடற்றவர்க்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. கணக்கிட்டால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

தாஷ்கண்டும் யாழ்ப்பாணமும்

1966ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் தேதி, அந்நாட் சோவியத் நாட்டின் தாஷ்கண்ட் நகரில், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் பாகிஸ்தான் ஜனாதிபதி அயூப் கானும் சமாதானப் பிரகடனத்திற் கைச்சாத்திட்டனர். முந்திய ஆண்டுப் போருக்கு முடிவு கண்ட அவர், நள்ளிரவு தாண்டி 11ஆந் தேதி அதிகாலையில் அந்நகரிலேயே காலமானார். உலகம் ஒரு சமாதானப் பிரதமரை இழந்து வருந்தியது.

நம் மலைநாட்டில் அப்பெயருக்கு வேறொரு பொருளும் உண்டு. 1964 அக்டோபர் 30ஆந் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்கவுடன் அவர் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவர். அம்மக்களின் பிரதிநிதிகளுக்கு அந்த மேசையில் ஆசனம் இல்லை. தமையன் ஒரு கணக்கிலும் தம்பி மற்றொரு கணக்கிலும் எழுதப்பட்ட குடும்பங்கள் பல. மலைநாட்டிலிருந்து தலைமன்னாரை நோக்கி அவர்களை ஏற்றிச் சென்ற இரயிலுக்கு நம்மவர் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. கடல் கடந்தவர்களிற் சிலர் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலையே பறித்தனர். தாஷ்கண்டில் இரு நாடுகளைச் சேர்த்த அதே கையொப்பம் இங்கே வீடுகளைப் பிரித்தது. ஒரு மனிதரை இரு கண்களாலும் பார்க்கவே சரித்திரம் நமக்குக் கற்பிக்கிறது.

1974ஆம் ஆண்டின் ஜனவரி 10 தமிழர் அனைவருக்கும் துயர நாள். தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மாநாடு, கோலாலம்பூர், சென்னை, பாரிஸ் ஆகிய நகரங்களுக்குப் பின்னர் நான்காம் முறையாக யாழ்ப்பாணத்திற் கூடியது. அதன் முடிவில் வீரசிங்கம் மண்டபத்தின் முன் திரண்டிருந்த மக்களைக் கலைக்கப் பொலிஸார் முற்பட்டபோது எழுந்த குழப்பத்தில், மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் பலியாயின. மொழியைக் கொண்டாட வந்தவர்கள் சடலங்களைச் சுமந்து திரும்பினர்.

நேயர்களுக்கு ஒன்று

இத்தனையும் ஒரே தேதியில் நடந்தவை. தேதிக்கு எவ்விதச் சக்தியும் இல்லை. நல்ல நாள், தீய நாள் என்று இதனைக் கொண்டு நாம் முடிவு கட்டுவதற்கில்லை. ஆயினும் இவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதனால் ஒரு பயன் உண்டு. வெர்சேயும் வெஸ்ட்மினிஸ்டரும் வாக்களித்தன. முல்லோயா அவ்வாக்கை நம்பி நடந்தது. வாக்களித்தவரின் பெயர் பாடநூலில் இருக்கிறது. நம்பி நடந்தவரின் பெயரும் அதன் அருகே இருத்தல் வேண்டும். ஏனெனில் நடந்தவர் இல்லையாயின் வாக்கு வெறும் மையாகவே நின்றிருக்கும்.

மலையக மக்கள் இத்தீவுக்கு வந்து இருநூறாண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். அவ்விருநூறாண்டுச் சரித்திரத்தின் பெரும்பகுதி இன்னும் முதியோரின் வாயிலேயே இருக்கிறது. எந்த ஆண்டு மலை சரிந்தது, எந்த ஆண்டு பள்ளிக்கூடம் வந்தது, எவர் வீடு தாஷ்கண்டுக்கு முன்னர் நிறைந்திருந்து பின்னர் வெறிச்சோடியது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மாணவர்கள் இப்பொங்கல் விடுமுறையில் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு, தம் தோட்டத்தின் தேதிகளை அவர்களிடங் கேட்டு எழுதுவார்களாக. பெயர், ஆண்டு, இடம் ஆகிய மூன்றும் தவறாமல் இருந்தாற் போதும், அலங்காரம் வேண்டா.

வீட்டுச் சுவரில் இவ்வாண்டின் புதிய நாட்காட்டி மாட்டப்பட்டிருக்கும். அதில் 10ஆந் தேதியின் கட்டத்துள் ஒரு பெயர் எழுத இடம் உண்டு. கோவிந்தன், முல்லோயா, 1940 என்று எழுதி வைப்போம்.